வினா எண் மூன்று

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த தபால்.
மேலே குத்திய சீட்டில் பச்சை மையில்
"உரிய பதில் தருக."
உள்ளே பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள்,
கோணலாய் ஒட்டிய பத்து ரூபாய் வில்லை.
கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
நாலு வருசம் தொட்டிப் பதிவேட்டில்
காலை 5.40 திறப்பு, 7.10 அடைப்பு என்று
அவள் எழுதியதற்கெல்லாம்
சுருக்கொப்பம் போட்டவன் நான்.

ஆடிக் காத்தில்
கொழிஞ்சிப்பாளையத்தில் நின்று பேச முடியாது.
கிளுவை வேலியில் சிக்கிய பாலித்தீன் பைகள்
நாளெல்லாம் படபடக்கும்.
அந்தக் காத்தில் பிளீச்சிங் பவுடரை
முந்தானையில் முடிந்துகொண்டு
மயிலாத்தாள் ஏணியேறுவாள், அறுபது படி.
கீழே நின்றவர்கள் காத்தைப் பார்க்கவில்லை.
ஏறுகிற காலைப் பார்த்தார்கள்,
எந்தத் தெருவிலிருந்து வந்த கால் என்று.

"நாங்க ஒண்ணும் சொல்லலீங்க,
சனங்க சொல்றாங்க."
சனங்க யாரென்று நான் கேட்கவில்லை.
கூட்டம் நடக்கவில்லை, தீர்மானம் இல்லை.
வேப்பமரத்தடியில் புல்லட்டை அணைக்காமலே
ஒருவர் சொல்லிப்போட்டுப் போனார்.
அன்று சாயங்காலமே தட்டச்சினேன்:
நிர்வாக நலன் கருதி
தொட்டி இயக்குபவர் திருமதி ம. மயிலாத்தாள்
மறு உத்தரவு வரும்வரை
சாக்கடைத் தூய்மைப் பணிக்கு.

வேலைக்கு அவள் வந்தது
யார் தயவிலும் இல்லை.
நேர்காணல், மதிப்பெண், இனச்சுழற்சி
எல்லாம் கோப்பில் இருக்கிறது, பக்கம் நாற்பத்தொன்று.
உத்தரவை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ஏனுங் சார், நான் திறந்தா
தண்ணி வேற ருசியாங்க?"
நான் கணினியை அணைக்கத் தொடங்கினேன்.

வினா ஒன்று: என்மீது வந்த புகாரின் நகல்.
வினா இரண்டு: என்னிடம் விளக்கம் கேட்ட குறிப்பாணையின் நகல்.
வினா மூன்று: நிர்வாக நலன் என்பது
யாருடைய நலன்? பெயரும் கதவு எண்ணும்.
வினா நான்கு: நான் இறங்கிய பிறகு
தொட்டி கழுவிய தேதிகள்.

இப்படிப்பட்ட மனுக்களுக்கென்றே ஒரு வாசகம் உண்டு.
"கருத்துக் கோரும் வினா,
தகவல் என்னும் வரையறைக்குள் வராது."
அடித்தேன். அழித்தேன்.
திரும்ப அடித்தேன்.

நான்காவதற்காகப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அவள் எழுத்து நின்ற வரிக்குக் கீழே
வெறும் கட்டங்கள், நாற்பத்தேழு நாள்.
புதிதாய்ப் போட்ட பையனுக்கு உயரம் ஆகாது,
கீழேயே வால்வைத் திருகிவிட்டுப் போய்விடுகிறான்.
என் வீடும் மேலத் தெருதான்.
பாப்பா பாட்டிலில் பாசி வாசமடிக்குது என்று
காலையில் மனைவி சொன்னாள்.
பைப்பு பழசு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்று: புகார் ஏதும் கோப்பில் இல்லை.
இரண்டு: குறிப்பாணை வழங்கப்படவில்லை.
நான்கு: தேதிகள் இல்லை.
மூன்றை விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.
கண்ணில் மண் விழுந்ததுதான் மிச்சம்.
உள்ளே வந்து, துடைத்துக்கொண்டே அடித்தேன்:
அப்படியொரு நலன்
இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.

இதை வைத்துக்கொண்டு அவள் தாராபுரம் போவாள்,
திங்கட்கிழமை திருப்பூர் போவாள்,
கலெக்டர் ஆபீஸில் ஆகவில்லையென்றால்
மெட்ராஸ் கோர்ட்டுக்கே போவாள்.
எனக்கும் ஒரு காகிதம் வரும்.
அதன் முதல் வரி எனக்கு மனப்பாடம்.

தபாலில் போக வேண்டியது, அவளே வந்துவிட்டாள்.
மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.
நின்றபடியே படித்தாள்,
மூன்றாவதை இரண்டு தரம்.
ஒன்றும் சொல்லவில்லை.
பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்துப் போடம்மா என்றேன்.
போட்டாள்.
பேனாவைத் திருப்பித் தராமல்
மறுபடி குனிந்து, பெயருக்குக் கீழே
தொட்டி இயக்குபவர்
என்று எழுதினாள்.
பழக்கம் போல நேரமும் போட்டாள்,
காலை 10.25.